மேசை இல்லாத வீடு

திருச்சி விமான நிலைய வாசலில் எங்களுக்காகக் காத்திருந்த கார் ஓட்டுநர் ரூபனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். மார்பு வரை நரைத்த தாடி. மீசை மட்டும் கிடையாது. தோள்வழியாக வந்து கால்சட்டையைத் தாங்கும் இரண்டு பட்டைகள், கையில் வைக்கோல் தொப்பி. பக்கத்தில் அவர் மனைவி லிடியா, கணுக்கால் வரை நீல உடுப்பும் தலையில் வெள்ளைத் துணிக் குல்லாயுமாக நின்றார்.

"சாமியாருங்களாக்கா?" என்று ஓட்டுநர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"விவசாயிங்க. மாடு வச்சிருக்காங்க."

"அப்ப சரி" என்று பெட்டியைத் தூக்கினார்.

நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் பல வருடம் செய்தி திருத்தியவள். சொந்த ஊர் நீடாமங்கலம். ஓய்வுக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு ஒஹையோவில் இருக்கிறேன். பொழுது போகாமல் அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டைச் சுற்றி ஆமிஷ் பண்ணைகள். ஆமிஷ்காரர்கள் குதிரை வண்டி வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள். காரில் ஏறலாம், ஆனால் சொந்தமாக வாங்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. அவர்களை மருத்துவமனைக்கும் கடைத்தெருவுக்கும் அழைத்துப்போக வெளியாள் ஒருவர் வேண்டும். அந்த வெளியாள் ஆனேன். ரூபனும் லிடியாவும் அப்படிப் பழக்கமானவர்கள்தான்.

அவர்கள் மகள் ரூத், மாட்டுப் பண்ணைப் படிப்புக்காக அங்கே வந்த ஜெபராஜ் என்ற கால்நடை மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டு ஒரத்தநாட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு வருடமாகப் பெற்றோர் அவளைப் பார்க்கவில்லை. துணைக்கு வர முடியுமா என்று ரூபன் கேட்டபோது, ஊர் பார்க்க எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

தஞ்சாவூர் போகும் வழியில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். பொங்கல் வந்ததும் இருவரும் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆமிஷ்காரர்களின் ஜெபத்தில் சத்தம் கிடையாது. சாம்பார் வாளியோடு வந்த பரிமாறுபவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "சாருக்கு மயக்கமாங்க? சோடா கொண்டாரவா?" என்றார். நான் மொழிபெயர்த்ததும் ரூபன் சிரித்தார். பொங்கலில் இருந்த மிளகை ஒன்றுகூட ஒதுக்காமல் சாப்பிட்டார்.

தஞ்சாவூரில் அவர்கள் விடுதி அறைக்கு நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபோது, தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் லிடியாவின் சால்வை தொங்கியது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அதுதான் அவர்கள் சபை. ஆமிஷ்காரர்களில் பல வகை உண்டு. ரூபனுடையது கொஞ்சம் இளகிய வகை. அவருடைய அப்பா காலத்தில், பழைய சபையின் ஒழுங்கு வெறும் பழக்கமாகிவிட்டது என்று சில குடும்பங்கள் வெளியே வந்தன. வீட்டில் உட்கார்ந்து வேதத்தைச் சேர்ந்து படித்தார்கள். பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தினார்கள். புகையிலையை விட்டார்கள். இரட்சிப்பு உண்டா இல்லையா என்று கடைசிவரை பயந்துகொண்டிராமல், அதை நிச்சயமாக நம்பலாம் என்றார்கள். கையில் வேதம் வந்த பின்னாலேயே வீட்டுக்குள் தொலைபேசி வந்தது, பால் கறக்கும் இயந்திரம் வந்தது, விமானத்தில் ஏற அனுமதியும் வந்தது. காரும் தொலைக்காட்சியும் இணையமும் வரவில்லை. எது வரலாம், எது வேண்டாம் என்பதைச் சபை கூடித் தீர்மானிக்கும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். மனம் ஒப்பாதவர்கள் இருந்தால், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தே தள்ளிப்போகும்.

நீடாமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு முதல் தொலைக்காட்சி வந்த நாள் நினைவுக்கு வந்தது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவே பின்னால் நடந்தது. எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஒரத்தநாட்டுச் சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லி லிடியா வைக்கோல் வாசனையை இழுத்தார். "எங்கள் ஆகஸ்ட் மாதம்" என்றார். எனக்கு அது தை மாதம். நானும் இழுத்த மூச்சை அவசரப்பட்டு விடவில்லை.

பெல்ட் மெஷின் ஓடும் வயலொன்றைப் பார்த்ததும் ரூபன் இறங்கிக்கொண்டார். அறுத்து, அடித்து, நெல்லைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டே அது சேற்றில் போனது. வரப்பில் நின்ற வயல்காரரிடம் கேள்வி கேட்கச் சொன்னார்.

"இது உங்களுடையதா?"

"வாடகைங்க. வெளியூரு வண்டி."

"அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் வருவதில்லையா?"

வயல்காரர் யோசித்தார். "அண்ணன் தம்பி கிளம்பி வர்றதுக்குள்ள மெஷின் அறுத்து முடிச்சுட்டுப் போயிடுதுங்க. சண்டை போடக்கூட ஆள் கிடைக்கல."

ரூபன் இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். தங்கள் சபை ஒரு இயந்திரத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி இதுதான் என்றார். அது வந்தபிறகு அடுத்த வீட்டுக்காரன் நமக்குத் தேவைப்படுவானா, மாட்டானா?

வண்டி கிளம்பியதும் லிடியா என் கையைத் தொட்டார். ரூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். ரூத் பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் பெற்றாள். சபை ஒழுங்குக்குக் கட்டுப்படுவதாக முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்தாள். அதற்கு முன்னால் வெளியே போயிருந்தால் ஒன்றுமில்லை. வாக்குக் கொடுத்தபின் போனவள் விலக்கப்பட்டவள். பேசலாம், கட்டிக்கொள்ளலாம், அழலாம். அவள் இருக்கும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

"இத்தனை மாற்றியவர்கள், இதை மாற்றவில்லையா?" என்று கேட்டேன்.

"எங்களைப் போலவே எளிய உடுப்பும் வாழ்க்கையுமாக இருக்கும் வேறு சபையில் சேர்ந்திருந்தால் விலக்கை எடுத்திருப்பார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய மாற்றம். அவள் சேர்ந்தது லுத்தரன் சபை."

முன்சீட்டில் ரூபன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கப் பூமியைப் பாதி சுற்றி வர அந்த மனிதருக்கு அனுமதி இருந்தது. அவளோடு ஒரு வாய் சாப்பிட இல்லை.

வீட்டு வாசலில் ரூத் நின்றாள். பருத்திப் புடவை, ஒற்றைப் பின்னல், மல்லிகை. லிடியாவின் பார்வை முதலில் போனது அந்தத் திறந்த தலைக்குத்தான். பிறகு அந்தத் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். ரூபன் மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ரூத் அவர்கள் மொழியில் கேட்ட முதல் கேள்வியை லிடியா எனக்கு மொழிபெயர்த்தார். "பழுப்புக் குதிரைக்கு இன்னும் முன்கால் நொண்டுகிறதா?"

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்த வருடம் பனி எவ்வளவு, கிணற்றடி ஆப்பிள் மரம் காய்த்ததா, வெண்ணெய் கடையும் அறையின் கதவைச் சரிசெய்தாகிவிட்டதா. ஒரத்தநாட்டு வெயிலில் நின்றுகொண்டு ஒருத்தி பனிக்கு ஏங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒஹையோ ஜன்னலோரத்தில் நான் காவிரிக்கு ஏங்கும் முகமும் இப்படித்தான் இருக்கும்.

ஜெபராஜின் அப்பா சாமுவேலும் அம்மா கிரேஸும் உள்ளே அழைத்தார்கள். சாமுவேல் தன் நிலத்தில் தானே பயிர் வைப்பவர். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூடத்தில் காலடி வைத்ததும் ரூத் நின்றுவிட்டாள். நடுவில் நீள மேசை. வெள்ளைத் துணி விரித்து, சுற்றிலும் நாற்காலி போட்டு, தட்டுகளில் வாழையிலையை வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள்.

"வெள்ளைக்காரங்க கீழ உக்கார மாட்டாங்கல்ல? பந்தல்காரர்கிட்ட சொல்லி எடுத்தாந்தோம்" என்றார் கிரேஸ் பெருமையாக. "இப்பதான், இது பூ வாங்கப் போயிருந்தப்ப வந்து இறங்குச்சு. இதுக்குத் தெரியாது" என்று மருமகளைக் காட்டினார். "இன்னைக்கு நீயும் உக்காரு கண்ணு. உங்க அப்பா அம்மாகூட உக்காந்து சாப்பிடு. நான் பரிமாறுறேன்."

மாமியார் தோளைப் பிடித்து அழுத்த, ரூத் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தோம். ரூபன் உட்காரவில்லை. ஒரு நிமிடம் நின்றார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத் தையல் மெஷின் பலகைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். லிடியா எழுந்து அவர் பின்னால் போனார்.

குழம்புக் கரண்டியோடு கிரேஸ் நின்றவர் நின்றபடியே இருந்தார். சாமுவேல் என்னைப் பார்த்தார். "என்னக்கா இது?"

"அது அவங்க வழக்கம், தம்பி—"

"எங்க அப்பா டீக்கடையில தனி டம்ளரோட ஓரமா நின்னாரு. நானே சின்ன வயசுல நின்னிருக்கேன். இப்ப என் வீட்டுல, நான் போட்ட நாற்காலிய விட்டுட்டு ஒருத்தர் தள்ளிப் போய் உக்காருறாரு. அதுக்குப் பேரு வழக்கமா?" குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார்.

ரூத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். இப்போது ரூபன் மேசைக்கு வரலாம். விலக்கப்பட்டவர் அங்கே இல்லை. அவர் வரவில்லை. அவருடைய ஊராக இருந்தால் மகளைத்தான் தள்ளி உட்காரச் சொல்லியிருப்பார்கள். அவளுடைய வீட்டில், அவள் மாமியார் முன்னால் அவளை எழுப்ப மனமில்லாமல் தான் எழுந்திருக்கிறார். ஒரு தகப்பன் தன்னால் முடிந்த அளவு மென்மையாகச் செய்த காரியம், அந்தக் கூடத்தில் எல்லோர் முகத்திலும் அறைந்தது போல விழுந்தது.

வாய்க்கால் கரையில் சாமுவேலைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் குறைந்து, ஓரத்தில் கொக்குகள் நின்றன. முழுவதையும் சொன்னேன்.

"அப்ப எங்களை இல்லையா? பெத்த பொண்ணையா?"

"ஆமா."

"அது இன்னும் மோசம்க்கா" என்றார். வீட்டுப் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லுத்தரன் சபைக் கோயிலுக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அது ரூபனுக்குப் பழக்கமான ஏற்பாடு. கீபோர்டு, டிரம் பேட், தூணுக்கு ஒரு ஒலிபெருக்கி. இது அவர் எதிர்பாராதது. இதற்கெல்லாம் சபையாரைக் கேட்டார்களா என்று விசாரித்தார். கேட்டார்கள், ஆனால் ஒலிபெருக்கி போட்டபிறகு கேட்டதால் பதில் காதில் விழவில்லை என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். பழைய ஞானப்பாட்டு ஒன்றை ஆரம்பித்தபோது லிடியா நிமிர்ந்தார். ராகம் அவருக்குத் தெரிந்தது. சொற்களைத் தன் ஜெர்மன் மொழியில், உதடு மட்டும் அசைய, மகள் பக்கத்தில் நின்று பாடினார். ரூத் தமிழில் பாடினாள்.

விருந்தாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் போதகர். ரூபன் எழுந்து, தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"முன்னொரு காலத்தில் எங்கள் முன்னோர்களை உங்கள் சபையின் முன்னோர்கள் சிறையில் போட்டார்கள். சிலரை ஆற்றில் அமிழ்த்தினார்கள். இன்று எனக்கு முன்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள். நன்றி."

கோயில் சிரித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சாமுவேல் சொன்னார்: "அந்தக் கோவத்துலதான் நேத்து தள்ளிப் போய் உக்காந்தீங்களா சம்பந்தி?"

அதையும் மொழிபெயர்த்தேன். ரூபன் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்தார். அவர் சாமுவேலின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டது வாசலில், செருப்பு மாட்டும்போது நடந்தது. "விடுங்க" என்றார் சாமுவேல். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுக்களையில் ரூத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். நான்கு வருடத்தில் அவள் தமிழ் ஒரத்தநாட்டுத் தமிழாகிவிட்டிருந்தது.

"ஊரை விட்டு வர்றதுக்கு முன்னாடி அண்ணன் வீட்டுல சாப்பிட்டேன்க்கா. எங்க ஊருல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. ரெண்டு மேசைய ஒட்டிப் போடுவாங்க. நடுவுல ஒரு விரல் இடம் விடுவாங்க. மேல ஒரே துணி விரிச்சிடுவாங்க. பாக்க ஒரே மேசை மாதிரி இருக்கும். அவங்களுக்கும் நான் தனியா இருக்கக் கூடாதுன்னுதான் ஆசை. ஆனா கிண்ணத்தை வைக்கிறப்ப கை அந்தப் பள்ளத்துல படும்."

"பின்ன எதுக்கு அவங்களை வரச் சொன்னே?"

"இந்த வீட்டுக்கு வந்த மொத நாளே பாத்தேன்க்கா. இங்க மேசையே இல்ல. பாயில உக்காந்து, ஆளுக்கு ஒரு இலை. இங்க வந்தா டாட் என்கூட சாப்பிடலாம். நாலு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்." டாட் என்பது அவர்கள் அப்பாவைக் கூப்பிடும் சொல்.

வாசற்படியில் கிரேஸ் நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"இதை முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? அந்த மேசைக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"நீங்க ஆசையா கொண்டாந்து போட்டீங்க அத்தை. எப்படிச் சொல்றது?"

"ஆசையாம்" என்றார் கிரேஸ். கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஜெபா, பந்தல்காரருக்கு போன் போடு. மேசைய எடுத்துட்டுப் போயிட்டு, பந்திப் பாய் ஒண்ணு குடுத்து விடச் சொல்லு."

திங்கட்கிழமை மதியம், நாங்கள் கிளம்ப வேண்டிய நாள். கூடத்தில் சுவரோரமாக நீளப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. ரூபன் பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"இது ஒரே பாயா?"

"ஒரே பாய்தான்" என்றேன்.

அவர் யோசித்தார். கிரேஸ் கண்ணாலேயே என்னிடம் என்னவென்று கேட்டார். ரூத் அடுக்களை வாசலில் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"எங்கள் ஒழுங்கில் பாயைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு ரூபன் உட்கார்ந்தார். காலை மடக்க வரவில்லை. ஒன்றை மடித்து ஒன்றை நீட்டி, இலையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "சம்பந்தி பஸ்சுல ஜன்னல் சீட்டு புடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு" என்றார் சாமுவேல். ரூபனுக்கு ஒரு பக்கம் சாமுவேல், மறுபக்கம் நான். எனக்கடுத்து ஜெபராஜ், லிடியா. லிடியாவை அடுத்த இலை ரூத்துக்கு. அது காலியாக இருந்தது.

ரூத்தும் கிரேஸும் சோறும் கோழிக் குழம்பும் பரிமாறினார்கள். ரூபன் கையால் பிசையத் தெரியாமல் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். நடுநடுவே தலையை நீட்டி அந்தக் காலி இலையைப் பார்த்தார். "போதும், நீ போய் உக்காரு" என்று கிரேஸ் மருமகளை விரட்டினார்.

"ரசம் மட்டும் ஊத்திட்டு உக்காந்துடுறேன் அத்தை."

சாமுவேலுக்கு ரசத்தைச் சோற்றில் ஊற்றுவதற்கு முன் கையில் வாங்கிக் குடிக்கும் பழக்கம். உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். ரூத் ஊற்றினாள். அவர் உறிஞ்சிக் குடித்தார். ரூபன் இதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, புது இயந்திரத்தை இயக்கிப் பார்க்கும் ஆர்வத்தோடு, தானும் இரண்டு கைகளையும் குழித்து நீட்டினார். நீட்டியபிறகுதான் நிமிர்ந்து யார் ஊற்றுகிறார்கள் என்று பார்த்தார்.

ரூத் கரண்டியைச் சாய்க்கவில்லை. குனிந்தபடியே நின்றாள். வேண்டாம் என்றால் அவர் கையை இழுத்துக்கொள்ளலாம், அதற்கு அவகாசம் கொடுத்தாள்.

கை அங்கேயே இருந்தது. அவள் ஊற்றினாள். விரலிடுக்கில் ஒழுகித் தாடியெல்லாம் நனைய அவர் குடித்தார். காரத்தில் இருமினார். மறுபடியும் கையை நீட்டினார்.

ரூத் அடுத்தடுத்த ஆட்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே வரிசையின் கடைசிவரை போனாள். பிறகு தன் இலையில் உட்கார்ந்து, தனக்குத்தானே சோறு வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். நான் ரூபனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மோர்சாதத்தை மெதுவாக, அவள் முடிக்கும்வரை நீட்டிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் காரில் கிளம்பினோம். தஞ்சாவூரைத் தாண்டியதும் ரூபன் ஆங்கிலத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "மேசை இல்லாத வீடு என்று எங்கள் சபை பிஷப்பிடம் சொல்லலாம். பாய்க்கும் ஏதாவது விளக்கம் சொல்லிவிடுவேன். ரசத்துக்கு இல்லை. அவள் என்று தெரிந்துதான் வாங்கினேன்."

"என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"சபை முன்னால் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும். தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்." பிறகு, "அந்த இரண்டாவது பாதியை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வருகிறேன்" என்றார்.

லிடியா மடியில் கோத்திருந்த தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "சேர்ந்தே யோசிப்போம். நானும் கையில்தான் வாங்கினேன்."

ரூபன் முன்சீட்டிலிருந்து முழுவதுமாகத் திரும்பி, மனைவியைப் பார்த்தார்.